தீபாவளிச் சீராகப் போன சைக்கிள்

எங்கள் சம்பந்தி எதன்மேல் ஏறுவதாக இருந்தாலும், அதிலிருந்து இறங்குவது எப்படி என்று கேட்டுக்கொண்ட பிறகுதான் ஏறுவார்.

பெண் பார்க்க வந்த அன்றே எனக்கு இது தெரிந்துவிட்டது. குன்னூரில் என் வீட்டுக் கூடத்தில் அப்போதுதான் ஒரு புது சோபா வாங்கிப் போட்டிருந்தோம். மாப்பிள்ளையும் உறவுக்காரர்களும் வந்ததும் அதில் உட்கார்ந்துவிட்டார்கள். அவர் மட்டும் நின்றுகொண்டு, உள்ளங்கையால் மெத்தையை அழுத்திப் பார்த்தார்.

"இது உள்ள வாங்குமுங்களா?"

கொஞ்சம் வாங்கும் என்றேன்.

"அப்பறம் எந்திரிக்கறதுக்கு?"

என் மனைவி சமையலறையிலிருந்து மர நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து போட்டாள். அதன் கைப்பிடியை ஆட்டிப் பார்த்து, உட்கார்ந்து, ஒருமுறை எழுந்து, மறுபடி உட்கார்ந்த பிறகே என் மகளை வரச் சொன்னார். பெண்ணைப் பார்த்ததைவிட நாற்காலியைத்தான் சம்பந்தி நன்றாகப் பார்த்தார் என்று எங்கள் வீட்டில் வெகுநாள் சொல்லிச் சிரித்தோம்.

கல்யாணத்திலும் அப்படித்தான். மேடைக்கு ஏறும் படி முன்னால் இருந்தது, இறங்கும் படி எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை. புகைப்படக்காரர் கையைக் காட்டிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். சம்பந்தி மேடையைச் சுற்றிப் பின்பக்கம் போய், இறங்கும் படியைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்து படத்துக்கு நின்றார். மினி பஸ்ஸில் கண்டக்டரிடம் அவர் கேட்கும் கேள்வி பஸ் எங்கே போகிறது என்பதல்ல. தான் இறங்கும் இடத்தில் பஸ்ஸின் படி மேட்டுப் பக்கம் வருமா, பள்ளத்துப் பக்கம் வருமா என்பதுதான். பெரும்பாலான கண்டக்டர்கள் அவரைத் தெரிந்துவைத்திருந்தார்கள். சிலர் அவர் வாயைத் திறக்கும் முன்பே, "மேட்டுப் பக்கமுங்க பெரியவரே, ஏறுங்க" என்று சொல்லிவிடுவார்கள்.

ஒரு டீ எஸ்டேட் ஃபாக்டரியில் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். இலை வாடுகிற இடத்துக்கும் காய்கிற இடத்துக்குமாகச் சிமெண்டுத் தரையில் நின்றே காலத்தைக் கழித்தவர். இரண்டு முழங்காலும் அங்கேயே தேய்ந்துவிட்டன. மனைவி போன பிறகு தனியாகத்தான் இருந்தார். குன்னூரிலேயே, சாலைக்குக் கீழே சரிவில் அவர் வீடு இருந்தது. சாலையில் நின்றால் கண்ணுக்கு நேராகக் கூரைத் தகரம்தான் தெரியும். வாசலுக்குப் போகக் கற்படிகளில் இறங்க வேண்டும். பாதி வழியில் ஒரு பேரிக்காய் மரம், அதன் அடியில் ஒரு சிமெண்டுத் திட்டு. மேலே ஏறி வரும்போதெல்லாம் அந்தத் திட்டில் உட்காருவார். நான் பார்த்துவிட்டால் அண்ணாந்து பார்த்து, "காய் பிடிச்சிருக்குதானு பாத்தனுங்க" என்பார். இலை உதிர்ந்து மரம் மொட்டையாக நிற்கும் மாதங்களிலும் இதையேதான் சொன்னார்.

எனக்கும் அப்போது இடுப்பு மூட்டில் வலி தொடங்கியிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்தவன், நிமிர்ந்து நடக்கிறவன் என்று ஊரில் ஒரு பேர் இருந்தது. பக்கத்தில் ஒருவர் நம்மைவிட அதிகமாக நொண்டினால் நம் நொண்டல் தெரியாது. இப்போது எழுதும்போதுதான் இது எவ்வளவு அற்பமான வசதி என்று புரிகிறது. அன்றைக்கு அவரைக் கேலி செய்வது எனக்கு மாலை நேரப் பொழுதுபோக்கு.

கோயமுத்தூரில் அடுக்குமாடி வீட்டில் இருந்த மாப்பிள்ளைக்கு அந்தப் படிகளை நினைத்தாலே பயம். ஆனி மாதம் வந்தவர், டாக்டரிடம் அப்பாவைக் கூட்டிப்போனார். நானும் கூடப் போனேன். மூட்டு தேய்ந்துவிட்டது, அதில் இடி விழுகிற மாதிரி எதையும் செய்யக் கூடாது, அதற்காகச் சும்மா உட்கார்ந்துவிடவும் கூடாது என்றார் டாக்டர். தொடைச் சதைக்கு வலு வந்தால் முட்டியின் பாரத்தை அது கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். உட்கார்ந்தபடி மெதுவாக மிதிக்கிற மாதிரி ஏதாவது வீட்டில் வாங்கி வைத்துக்கொள்ளச் சொன்னார்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது மாப்பிள்ளை ஒரே முடிவாகச் சொன்னார்.

"பொங்கலுக்கு வருவேனுங்கப்பா. பேரி மரத்துக்கிட்ட உக்காராம ரோட்டுக்கு ஏறிட்டீங்கன்னா நீங்க இங்கயே இருங்க. இல்லீன்னா எங்கூடக் கெளம்பிரோணும்."

சம்பந்தி சரி என்றார். மகன் போன பிறகு என்னிடம், கோயமுத்தூர் தண்ணீரில் தன்னால் காலம் தள்ள முடியாது என்றார். "அந்தத் தண்ணியில டீ போட்டா செவப்பு வருதுங்க, டீ வரலீங்க." அவர் வீட்டுக்குப் பின்னால் பாறையிலிருந்து குழாய் வைத்துப் பிடித்த ஊற்றுத் தண்ணீர் வந்தது. அதில் போட்ட டீயை, ஃபாக்டரியில் பழகினபடி, முதல் வாயைச் சத்தமாக உறிஞ்சி நாக்கில் உருட்டிவிட்டுத்தான் விழுங்குவார். மனிதர் அந்த மலையில் இருப்பதற்குக் காரணமே அந்த முதல் வாய்தான் என்று எனக்குத் தோன்றும்.

ஆக, ஒரு யந்திரம் வாங்க வேண்டும். வேறு யாராக இருந்தாலும் போனில் பார்த்து வாங்கியிருப்பார்கள். சம்பந்தி, ஏறி இறங்கிப் பார்க்காமல் வாங்க மாட்டேன் என்றார். குன்னூரில் எந்த வீட்டில் உடற்பயிற்சி யந்திரம் இருக்கிறது என்று விசாரிக்க ஆரம்பித்தார். இருந்தது. ஆச்சரியப்படும்படி நிறைய வீடுகளில் இருந்தது. ஆனால் அது மழைக்காலம். எங்கள் ஊரில் மழைக்காலத்தில் துணி காயாது, கிடைக்கிற கம்பியில் எல்லாம் துணி தொங்கும். நாங்கள் போய்ப் பார்த்த ஒவ்வொரு யந்திரத்தின் மேலும் ஒரு குடும்பத்தின் ஈரத் துணிகள் கிடந்தன. சம்பந்தி கூச்சப்படாமல் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, மடித்து, நாற்காலியில் அடுக்கி வைப்பார். குழந்தையின் சட்டையானாலும் ஓரம் பார்த்து மடிப்பார். வீட்டம்மா பதறி ஓடிவந்து வாங்கப் பார்த்தாலும் விட மாட்டார். பிறகு யந்திரத்தைச் சுற்றி வந்து தன் கேள்வியைக் கேட்பார்.

முதலில் ஒரு காண்டிராக்டர் வீட்டு டிரெட்மில். ஓடுகிற பட்டையில் நடந்தாலும் முட்டிக்கு ரோட்டில் நடக்கிற அதே இடிதான் என்று சம்பந்தி அதை மனதுக்குள் அப்போதே கழித்துவிட்டார். இருந்தாலும், கரண்ட் போனால் எப்படி இறங்குவது என்று கேட்டார். ஒன்றும் ஆகாது என்று காண்டிராக்டர் தானே ஏறி நடந்து காட்டி, மனைவியை மெயின் சுவிட்சை அணைக்கச் சொன்னார். பட்டை சட்டென்று நின்றது, அவர் நிற்கவில்லை. முன்கம்பியைக் கட்டிக்கொண்டு தொங்கினார். சம்பந்தி அவருக்குக் கை கொடுத்து இறக்கிவிட்டு, நன்றி சொல்லி டீ குடித்துவிட்டு வந்தார்.

அடுத்தது, நின்றபடி இரண்டு கால்களையும் முன்னும் பின்னும் வழுக்கி நடக்கிற யந்திரம். காலைத் தூக்க வேண்டியதில்லை, இடி இல்லை, முட்டிக்கு நல்லது என்றார்கள். மிதித்தபோது நன்றாகத்தான் இருந்தது. இறங்க ஒரு காலைத் தரையில் வைத்தார். மறுகாலின் மிதி அவரை மறுபடி மேலே தூக்கிக்கொண்டது. இரண்டு மூன்று முறை இப்படித் தரைக்கும் மேலுக்குமாகப் போய்வந்தார். "நான் நின்னாலும் அது நிக்க மாட்டீங்குதுங்க சம்மந்தி" என்று அவர் சொன்ன குரலில் புகார் இல்லை, வியப்புதான் இருந்தது.

மூன்றாவது, நாற்காலியில் உட்கார்ந்து தரையில் வைத்து மிதிக்கிற சின்ன மிதிகட்டை. இது சுலபம் என்று நினைத்தோம். அந்த வீட்டில் பழைய பலகைத் தரை. மிதிக்க மிதிக்க அது வழுக்கிக்கொண்டு போக, சம்பந்தி காலை எட்டி எட்டி மிதித்து, கடைசியில் நாற்காலியோடு கூடத்தைத் தாண்டிச் சமையலறை வாசலுக்குப் போய்ச் சேர்ந்தார். நான் சிரித்த சிரிப்பில் என் இடுப்பு பிடித்துக்கொண்டது. அதையும் வெளியே சொல்லவில்லை.

புரட்டாசியில், வெலிங்டன் பக்கம் ஓய்வு பெற்ற நர்ஸ் ஒருவர் வீட்டில், அவருக்கான சைக்கிள் இருந்தது. நாற்காலிபோல முதுகு சாய்மானம், கால்கள் முன்பக்கமாக நீளும், தாண்டி ஏறுவதற்குக் குறுக்கே கம்பி கிடையாது. இருக்கையை முன்னே பின்னே தள்ளி, முட்டி அதிகம் மடங்காதபடி வைத்துக்கொள்ளலாம். மிதியின் கடினத்தை முழுக்கக் குறைத்துவைத்து, சம்பந்தி நெடுநேரம் மிதித்தார். நிறுத்தினார். இரண்டு காலையும் தரையில் ஊன்றினார். எழுந்து நின்றார். அவ்வளவுதான். அவருடைய கேள்விக்கு முதல்முறையாக ஒரு யந்திரமே பதில் சொல்லிவிட்டது.

நான் போனை எடுத்து, இதையே ஆர்டர் போட்டுவிடலாமா என்றேன்.

"நாளைக்கு முட்டி என்ன சொல்லுதுன்னு பாத்துட்டு, இன்னொருக்கா வந்து உக்காந்து பாக்கலாமுங்க சம்மந்தி."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. மழையில் அத்தனை வீடு ஏறி இறங்கியது என் இடுப்புக்குத் தெரியும். பொண்ணு பாக்க வந்தப்பகூட நீங்க இத்தனை தடவை வரலியே என்றேன். அவர் சிரித்தார். நான் இனி வர மாட்டேன் என்று சொல்லி, அப்படியே போகவும் இல்லை. அவரால் தனியாக அவ்வளவு தூரம் போக முடியாது. அது எனக்குத் தெரியும்.

அதற்குள் தீபாவளி நெருங்கியது. பெண்ணைக் கொடுத்தவர்கள் நாங்கள், வருஷா வருஷம் சீர் வைப்பது வழக்கம். இந்த முறை சம்பந்தியை வாய் திறக்க விடாமல் ஒரு வேலை செய்வது என்று முடிவெடுத்தேன். சைக்கிளையே சீராக வைத்துவிடுவது. சாய்மானம் வைத்த சைக்கிள் மலைக்கு வந்துசேரத் தீபாவளி தாண்டிவிடும் என்று போன் காட்டியது. நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுகிற சைக்கிள் முன்பே வந்துவிடும் என்று காட்டியது. படத்தில் கம்பீரமாக இருந்தது. இரண்டும் சைக்கிள்தானே என்று அதற்கு ஆர்டர் போட்டேன். பொருளாதாரம் கற்பித்தவன் செய்த காரியம் இது.

தீபாவளியன்று காலை, மகளும் மாப்பிள்ளையும் சம்பந்தி வீட்டில் இருக்கும்போது, ஆள் வைத்துப் படிகளில் சைக்கிளை இறக்கினேன். கைப்பிடியில் சந்தனமும் குங்குமமும் வைத்து, ஒரு முழம் பூச் சுற்றி, பழத் தட்டுக்கும் பட்டு வேட்டிக்கும் நடுவில் நிறுத்தினேன். சம்பந்தி பார்த்தார். இருக்கை அவர் இடுப்பு உயரத்தில் இருந்தது. குறுக்குக் கம்பியைப் பார்த்தார். கேட்பதற்கு வாயைத் திறந்தார். பக்கத்தில் தட்டேந்தி நின்ற என் மகளைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

"அருமையா இருக்குதுங்க சம்மந்தி" என்றார்.

எனக்குத் தெரிந்து, இறங்குவது எப்படி என்று கேட்காமல் அவர் ஏறியது அந்த ஒன்றில்தான். ஒரு முக்காலியைப் போட்டு, கம்பியைத் தாண்டி ஏறி, எல்லோர் முன்னாலும் மிதித்துக் காட்டினார். நாங்கள் கை தட்டினோம். இறங்கும்போது மாப்பிள்ளையின் தோளைப் பிடித்துக்கொண்டார். நான் அதைக் கவனித்தேன். கவனித்ததாக எண்ணிக்கொள்ளவில்லை.

அதன் பிறகு நான் போகும்போதெல்லாம் என்னைக் கண்டதும் சைக்கிளில் ஏறிவிடுவார். விருந்தாளிக்குக் காபி வைப்பதுபோல அதை ஒரு மரியாதையாகச் செய்தார். நான் ஜெயித்த சந்தோஷத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, இன்னும் வேகம், இன்னும் வேகம் என்று கிண்டல் செய்வேன். கார்த்திகையில் முட்டி கொஞ்சம் வீங்கியிருப்பதைப் பார்த்துக் கேட்டேன். பனிங்க என்றார். மார்கழியில் படுத்துவிட்டார். டாக்டர் வந்து முட்டியிலிருந்து நீரை எடுத்தார். முட்டியை இப்படி மடக்கி இவ்வளவு உயரத்தில் ஏறி இறங்கச் சொன்னது யார் என்று கேட்டார். சம்பந்தி, தானாகத்தான் செய்தேன் என்று சொல்லிவிட்டார். நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன்.

பொங்கல் வந்தது. மாப்பிள்ளையும் வந்தார். சம்பந்தியை நாற்காலியில் உட்கார வைத்து, நாற்காலியோடு இரண்டு பேர் தூக்கிக்கொண்டு படியேறினார்கள். நான் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் வந்தேன். பேரி மரத்தைத் தாண்டும்போது அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"இந்தத் தடவ திட்டுல உக்காரவே இல்ல, பாத்தீங்களா சம்மந்தி."

தூக்கியவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். அவரும் சிரித்தார். கார் போன பிறகு அந்தத் திட்டில் நான் உட்கார்ந்தேன்.

வீட்டை வாடகைக்கு விட்டார்கள். சைக்கிள் என் வீட்டுக்கு வந்தது. மாசியில் மகள் வந்தபோது, அதைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"மாமாகிட்ட வேண்டாமுன்னு எத்தனை தடவ சொன்னேன் தெரியுங்களாப்பா? உங்கப்பா சீரா வெச்சதைத் திருப்பி அனுப்புனா உனக்குத்தாம்மா கொறச்சல், நான் மெதிச்சுக்கறேன்னுட்டாரு."

அப்படி ஒரு கோணம் எனக்குத் தோன்றவே இல்லை. அவரால் மறுக்க முடியாது என்பதற்காகத்தான் சீராக வைத்தேன். மறுக்க முடியாதவர் அதை என்ன செய்வார் என்று யோசிக்கவில்லை.

அன்றே சாய்மானம் வைத்த சைக்கிளுக்கு ஆர்டர் போட்டேன், நேராகக் கோயமுத்தூர் வீட்டுக்கே போகும்படி. அது வந்த அன்று நானும் போனேன். பூ, குங்குமம் ஒன்றும் வைக்கவில்லை. இது சீர் இல்லை, பிடிக்காவிட்டால் திருப்பிவிடலாம் என்று முதலிலேயே சொன்னேன். என் தப்புதான் என்றும் சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்காதவர்போல யந்திரத்தைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். இறங்குவது எப்படி என்று நானே காட்டுகிறேன் என்று உட்கார்ந்தேன். மிதித்தேன். நிறுத்தினேன். கால்களை ஊன்றினேன். எழுந்திருக்க முடியவில்லை. இருக்கையைத் தாழ்வாக வைத்துப் பூட்டியிருந்தார்கள், என் இடுப்பு அந்தத் தாழ்விலிருந்து வர மறுத்தது. மகள் எதிரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாள் மறைத்தது எல்லாம் அந்த இருக்கையில் வெளியே வந்துவிட்டது.

சம்பந்தி சுற்றுவதை நிறுத்திவிட்டு என் பக்கத்தில் வந்தார்.

"எத்தன நாளா இருக்குதுங்க இடுப்பு வலி?"

ரொம்ப நாளாக என்றேன்.

"எறங்கற வழியைக் கேட்டுட்டு ஏறியிருக்கலாமில்லீங்க" என்று சொல்லிவிட்டு, சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு மறுகையை நீட்டினார்.

பிறகு இருக்கையை உயர்த்தி, சாய்மானத்தைப் பின்னால் தள்ளி வைத்தார்கள். அவர் தினமும் மெதுவாக மிதித்தார். மறுநாள் முட்டி என்ன சொல்கிறது என்று பார்த்துத்தான் நேரத்தைக் கூட்டினார். அதற்கு மறுவருஷம் சித்திரையில் என் மகளோடு குன்னூர் வந்தார். சாலையில் காரை நிறுத்தச் சொல்லி, படியோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தன் வீட்டுப் படிகளில் இறங்கினார், நானும் கூட இறங்கினேன். குடியிருந்த பெண் டீ கொடுத்தாள். முதல் வாயை உறிஞ்சி நாக்கில் உருட்டி, நெடுநேரம் வைத்திருந்து விழுங்கினார். பிறகு மேலே ஏறினார். பேரி மரத்தில் உண்மையாகவே காய் பிடித்திருந்தது. அவர் அண்ணாந்து பார்க்கவில்லை, திட்டில் உட்காரவும் இல்லை. சாலைக்கு வந்து நின்று, பின்னால் திட்டில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார்.

"காய் பாக்கறீங்களா சம்மந்தி?" என்றார்.

வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடலாம், நீங்கள் திரும்பி வந்துவிடலாம் என்று அன்று மாலை சொன்னேன். அந்தப் பெண்ணின் குழந்தைகள் இங்கே பள்ளிக்கூடம் போகிறார்கள், பாவம் என்றார். கோயமுத்தூர்த் தண்ணீர் பழகிவிட்டதா என்று கேட்டேன். "டீ குடிக்கறத விட்டுட்டனுங்க" என்றார்.

என் வீட்டுக் கூடத்தின் மூலையில் பழைய சைக்கிள் நின்றது. அதன்மேல் என் வேட்டியும் சட்டைகளும் கிடந்தன. அவர் ஒவ்வொன்றாக எடுத்து மடித்து நாற்காலியில் வைத்தார். கைப்பிடியில் குங்குமக் கறை இன்னும் இருந்தது. அதை ஒரு விரலால் தடவினார். ஏறவில்லை. நல்ல சாமானுங்க என்றார்.

அவர் காலமாகி ஒரு வருஷம் ஆகிறது. இப்போது மழைக்காலம். அந்தச் சைக்கிளில்தான் துணி காய்கிறது. முன்பெல்லாம் உருவி எடுத்துக் கட்டிலில் போடுவேன். இப்போது ஓரம் பார்த்து மடிக்கிறேன்.